விரிய மறுத்த இருதயம்: திருவனந்தபுரத்தில் ஒரு நோயின் வரலாறு

நாடுகளுக்கு வரலாறு இருப்பது போல நோய்களுக்கும் வரலாறு உண்டு. அரசர் எப்பொழுது முடி சூடினர், எப்பொழுது முடி துறந்தனர் என்பதை நாம் ஏடுகளில் படித்து அறிகிறோம். ஒரு நோய் ஒரு நாட்டில் எப்பொழுது தலைகாட்டிற்று, யாரைப் பற்றி வருத்திற்று, அதனை ஆராயப் புகுந்தோர் யாவர், அது எவ்வாறு அகன்றது என்பவற்றை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. அத்தகைய வரலாறு ஒன்று திருவனந்தபுரம் நகரில் நிகழ்ந்தது. அது இருதயத்தைப் பற்றிய வரலாறு. ஏழைகளைப் பற்றிய வரலாறு. கடற்கரை மணலையும் மரவள்ளிக் கிழங்கையும் தொட்டுச் செல்லும் வரலாறு. இருதயம் சுருங்கத் தவறினால் மட்டுமன்று, விரியத் தவறினாலும் தளர்ந்துபோகும் என்னும் பாடத்தை அது நமக்குப் புகட்டிற்று.

திருவனந்தபுரம் தமிழர்க்கு அயலூர் அன்று. சாலைக் கடைத்தெருவில் வணிகம் புரியும் தமிழரும், கரமனையில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பத்தாரும் அந்நகரைத் தம் ஊராகவே கொண்டவர்கள். தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் சென்னை மாநிலத்தோடு இணையும் வரையில், அங்குள்ளார்க்கு அதுவே தலைநகர். இன்றும் குமரி மாவட்டத்தார் பலர் கடும் பிணி கண்டால் அந்நகரையே நாடிச் செல்கின்றனர். ஆகவே அங்கு நிகழ்ந்தது நம்மவர்க்கும் உரிய வரலாறேயாகும்.

வரலாற்றுக்குள் புகுமுன், இருதயம் ஆற்றும் தொழிலைச் சற்றே நோக்குவோம். கிணற்றிலே கவலை இறைப்பதை நம்மில் மூத்தவர் பலர் கண்டிருப்பர். எருதுகள் முன்னே நடக்கச் சால் மேலே வருகிறது; எருதுகள் பின்னே வரச் சால் கீழே இறங்கி நீரை முகக்கிறது. எருதின் வலிமையைப் பற்றியே எல்லோரும் பேசுவர். ஆனால் தோற்சால் காய்ந்து விறைத்துவிட்டால் என்ன ஆகும்? எருது எவ்வளவு வலிமையோடு இழுப்பினும், முகந்த நீர் குறைவாகவே இருக்கும். வாய்க்காலுக்குப் போதிய நீர் வாராது. இருதயமும் இப்படிப்பட்டதே. அது சுருங்கி இரத்தத்தை வெளியே தள்ளுவதை மருத்துவர் சிஸ்டோல் என்பர்; தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்றுக்கொள்வதை டயஸ்டோல் என்பர்.

நிமிஷத்திற்கு 75 முறை துடிக்கும் இருதயத்தில் ஒரு துடிப்புக்கு ஆகும் காலம் 0.8 விநாடி. அதில் சுருங்குவதற்கு ஏறத்தாழ 0.3 விநாடியே செல்கிறது; எஞ்சிய 0.5 விநாடியும் தளர்ந்து நிரம்புவதற்கே ஆகிறது. அந்தத் தளர்ச்சியை வெறும் ஓய்வு என்று எண்ணிவிடலாகாது. சுருங்கிய தசைநார் மீண்டும் தளர வேண்டுமாயின், அதனைச் சுருக்கிய கால்சியத்தை உள்ளறைகளுக்குள் திரும்பச் சேர்த்தாக வேண்டும்; அதற்கும் ஆற்றல் செலவாகிறது. எனவே தளர்தலும் ஒரு தொழிலே.

நலமான இருதயத்தின் இடக் கீழறை, ஏறத்தாழ 120 மில்லி லிட்டர் இரத்தத்தை ஏற்று, அதில் 70 மில்லி லிட்டர் அளவை ஒரு துடிப்பில் வெளியேற்றுகிறது. இவ்வாறு வெளியேறும் பங்கு ஏறத்தாழ 60 விழுக்காடு. இதைத்தான் இக்காலத்து மருத்துவமனைகளில் ‘பம்பிங்’ என்று கூறுகின்றனர். இனி, விறைத்துப்போன இருதயம் ஒன்றைக் கருதுவோம். அது 70 மில்லி லிட்டரே ஏற்று, 42 மில்லி லிட்டரை வெளியேற்றுகிறது. விழுக்காட்டைக் கணக்கிட்டால் இங்கும் அதே 60 தான். கணக்குச் சரியாகவே இருக்கிறது. ஆனால் உடலுக்குக் கிடைத்த இரத்தம் குறைந்துவிட்டது. உள்ளே புக இடமில்லாத இரத்தம் பின்னே தேங்கி, நுரையீரலிலும் ஈரலிலும் வயிற்றிலும் நீர்க்கோவையை உண்டாக்குகிறது. விழுக்காட்டை மட்டும் நம்பியவர் இந்த நோயைக் காணத் தவறிவிடுவர்.

மருத்துவ உலகம் நெடுங்காலம் அவ்வாறு தவறவே செய்தது. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலென் என்னும் மருத்துவர், இருதயம் விரிந்து இழுப்பதே அதன் முதன்மையான தொழில் என்று கருதினார். 1628ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கிலேய மருத்துவர், சுருக்கமே இரத்தத்தை ஓட்டும் தொழில் என்பதை நிலைநாட்டி, இரத்த ஓட்டத்தின் உண்மையை உலகுக்கு உணர்த்தினார். அது பேருண்மை, ஐயமில்லை. ஆயினும் அதன் ஒளியில் விரிவுப் பருவம் நிழலுக்குள் மறைந்தது. இருதயத் தளர்ச்சி என்றால் சுருங்கும் வலிமை குன்றுவதே என்னும் எண்ணம் வேரூன்றிற்று. அந்த எண்ணத்தை அசைத்த நோய்களுள் ஒன்று வெப்ப நாடுகளின் ஏழை மக்களிடையே காணப்பட்டது.

1948ஆம் ஆண்டில், கிழக்கு ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டில் பணிபுரிந்த டேவீஸ் என்னும் நோய்க்கூற்று அறிஞர், இறந்தோரின் இருதயங்களை ஆராய்ந்து புதுமையான ஒரு கேட்டினை விவரித்தார். கீழறைகளின் உட்புறத்தில், வெண்மையான நார்த்தழும்பு தடித்துப் படர்ந்திருந்தது. அறையின் கூர்முனையை அது அடைத்து, உள்ளிடத்தைச் சுருக்கி, வால்வுகளையும் பற்றி இழுத்திருந்தது. இந்நோய்க்கு எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்று பெயர். நாம் நார்த்தடிப்பு நோய் என்று வழங்குவோம். பின்னர் நைஜீரியாவிலும் பிரேசிலிலும் மொசாம்பிக்கிலும் இது காணப்பட்டது. நிலநடுக்கோட்டை அடுத்த வெப்ப நாடுகளிலேயே பெரும்பாலும் இது குடிகொண்டிருந்தது என்பது கருதற்பாலது.

நம் நாட்டில் வேலூரிலிருந்து 1960ஆம் ஆண்டில் தென்னிந்தியாவில் இந்நோய் உண்டு என்னும் அறிக்கை வெளிவந்தது. 1968ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்து மருத்துவர் சி.கே. கோபி, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி இதழில் இது குறித்து எழுதினார். அதன் பின்னரே கேரளக் கடற்கரையும் உலகின் நார்த்தடிப்பு நோய்ப் படத்தில் இடம் பெற்றது எனலாம்.

நோயுற்றோர் பெரும்பாலும் சிறுவரும் இளைஞருமே; அவர்களும் வறிய குடும்பத்தினர். வலப்புற அறை பற்றப்பட்டவருக்கு வயிறு பானை போல் பெருத்திருக்கும். ஆனால் கால் வீக்கம் அந்த அளவுக்கு இராது. கழுத்து நரம்புகள் புடைத்து நிற்கும், ஈரல் வீங்கும், முகம் வாடி உடல் மெலியும். இடப்புறம் பற்றப்பட்டவர் நாலடி நடப்பதற்குள் மூச்சிரைத்து அமர்ந்துவிடுவர். வயிற்று நீரைக் கண்டவர் ஈரல் நோய் என்று எண்ணி மருந்திடுவதும் உண்டு. இருதயம் சுருங்கும் வலிமை பல வேளைகளில் குன்றாமலே இருந்தமையால், நோய் தன்னை எளிதில் காட்டிக் கொடுக்கவில்லை. சாலின் விறைப்பை எவரும் தொட்டுப் பார்க்கவில்லை. எருதுகள் நன்றாகவே நடந்தன.

இந்நோயை முறையாக ஆராய்வதற்குத் தகுந்த நிலையங்கள் வேண்டியிருந்தன. திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அதன் முதல் அணி மாணவருள் ஒருவர், மாவேலிக்கரையில் 1934ஆம் ஆண்டில் பிறந்த எம்.எஸ். வலியத்தான். பின்னர் அவர் வெளிநாடுகளில் அறுவை மருத்துவம் பயின்று தேர்ந்தார். 1973ஆம் ஆண்டில் திருவிதாங்கூர் அரச குடும்பத்தார் பல மாடிக் கட்டடம் ஒன்றை மக்களுக்கு நன்கொடையாக வழங்கினர். அங்கே அமைந்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையம் 1976ஆம் ஆண்டில் நோயாளிகளை ஏற்கத் தொடங்கிற்று. பூஜப்புரையிலுள்ள சாட்டல்மண்ட் அரண்மனையில் மருத்துவக் கருவிகளை ஆக்கும் பிரிவு எழுந்தது. 1980ஆம் ஆண்டில் நாடாளுமன்றச் சட்டத்தின் வாயிலாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆயிற்று. வலியத்தான் அதன் முதல் இயக்குநராக ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பணியாற்றினார். செயற்கை இருதய வால்வை நம் நாட்டிலேயே ஆக்கித் தந்தவர் என்று அவரை உலகம் அறியும். அவ்வால்வு 1990ஆம் ஆண்டு டிசம்பரில் முதன்முதலாக நோயாளி ஒருவருக்குப் பொருத்தப்பட்டது. ஆனால் நார்த்தடிப்பு நோயை நோக்கி அவர் ஆற்றிய உழைப்பை அறிந்தோர் சிலரே. 2024ஆம் ஆண்டு ஜூலையில் அவர் காலமானார்.

மருந்து இந்நோய்க்குப் பெரும்பயன் தரவில்லை. நீரை இறக்கும் மருந்து வயிற்றுப் பெருக்கத்தை ஓரளவு குறைக்கும். தழும்பை அது கரைக்காது. 1970-களின் தொடக்கத்தில் பாரிஸ் நகரில் ஷார்ல் துபோஸ்த் என்னும் அறுவை மருத்துவர், இருதயத்தைத் திறந்து நார்ப்படலத்தை உரித்தெடுக்கும் முறையைக் கையாண்டார். வேலூரிலும் திருவனந்தபுரத்திலும் அம்முறை மேற்கொள்ளப்பட்டது. வலியத்தானும் அவருடன் உழைத்தோரும் தாம் கண்ட முடிவுகளை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இச்சிகிச்சை எளியதன்று. தழும்பு எங்கே முடிகிறது, உயிருள்ள தசை எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டு உரிக்க வேண்டும். கெட்டுப்போன வால்வை அகற்றிப் புதிய வால்வைப் பொருத்த வேண்டும். அறுவை மேடையிலேயே உயிர் துறந்தோரும் உண்டு; மூச்சுத்திணறல் நீங்கி மீண்டும் தொழிலுக்குச் சென்றோரும் உண்டு. விரிய இடம் தந்தால் இருதயம் மீண்டும் தன் கடமையைச் செய்யும் என்பது இதனால் விளங்கிற்று. டயஸ்டோலின் முதன்மைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேறென்ன வேண்டும்?

அறுவை ஒருபுறம் நிற்க, இந்நோய் ஏன் வருகிறது என்னும் வினா அறிஞரை விடவில்லை. இங்கேதான் கடற்கரை மணல் கதைக்குள் வருகிறது. 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர், திருவிதாங்கூரிலிருந்து சென்ற கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலை ஆராய்ந்து, அதில் மோனசைட் என்னும் கனிமம் இருப்பதைக் கண்டார். மணவாளக்குறிச்சிக் கடற்கரை அதனால் உலகப் புகழ் பெற்றது. எரிவாயு விளக்கின் மேன்டில் செய்வதற்கு வேண்டிய தோரியம் அம்மணலில் கிடைத்தது. தோரியத்தோடு சீரியம் என்னும் தனிமமும் அதில் மிகுதியாக உண்டு. கொல்லம் மாவட்டத்துச் சவறைக் கடற்கரையிலும் அம்மணல் பரந்து கிடக்கிறது.

வலியத்தானும், அவருடன் ஆராய்ந்த நோய்க்கூற்று அறிஞர் சி.சி. கார்த்தா முதலியோரும் 1980-களில் ஒரு கருத்தை முன்வைத்தனர். இம்மண்ணில் விளைந்த உணவின் வழியே சீரியம் உடலுக்குள் செல்கிறது. ஊட்டக் குறைவால் உடலில் மக்னீசியமும் குறைந்திருக்கிறது. இவ்விரண்டும் கூடியே இருதயத்தில் நார் வளரச் செய்கின்றன என்பது அக்கருத்து. எலிகளுக்குச் சீரியத்தைக் கொடுத்து, மக்னீசியத்தைக் குறைத்து நிகழ்த்திய சோதனைகளில் இருதயக் கேடு மிகுந்தது. மண்ணின் இயல்பும் மனிதனின் வறுமையும் சேர்ந்து நோயை ஆக்கக்கூடும் என்னும் இந்த எண்ணம் உலக அறிஞரின் கவனத்தை ஈர்த்தது.

மரவள்ளிக் கிழங்கின் மேலும் ஐயம் விழுந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா, பஞ்ச காலத்தில் ஏழைகளுக்கு உதவும் என்று கருதி அக்கிழங்கைப் பயிரிட ஊக்கமளித்தார். 1942ஆம் ஆண்டில் பர்மா ஜப்பானியர் கைப்பட்டு அரிசி வரவு நின்றபோது, திருவிதாங்கூர் மக்கள் பலருக்கு அதுவே உயிர் காத்த உணவாயிற்று. மீனோ பருப்போ வாங்க வழியின்றிக் கிழங்கையே நம்பி வாழ்ந்த குடும்பங்களில்தான் நோயும் மிகுதியாகக் காணப்பட்டது. ஆப்பிரிக்காவிலும் நோய் கண்ட இடங்கள் பலவற்றில் மரவள்ளி உண்ணப்பட்டது. வேறு சிலர், குடற்புழுவும் யானைக்கால் கிருமியும் தூண்டும் ஒருவகை வெள்ளணுக்களே இருதயத்தைப் புண்படுத்துகின்றன என்றனர். அவ்வெள்ளணுக்கள் மிகுந்தோரின் இருதயத்தில் தழும்பு உண்டாவதை 1936ஆம் ஆண்டிலேயே சுவிட்சர்லாந்தின் லோஃப்ளர் எடுத்துக் காட்டியிருந்தார்.

இவற்றுள் எதுவும் முடிந்த முடிபாக நிலைபெறவில்லை. அதற்குள் நோயே விடைபெறத் தொடங்கிற்று. 1980-களுக்குப் பின்னர் கேரளத்தில் புதிய நோயாளிகளின் வரவு படிப்படியாகக் குறைந்தது. முன்னர் மருத்துவமனைகளில் அடிக்கடி காணப்பட்ட நோயை இளம் மருத்துவர்கள் தேடிப் பார்க்க வேண்டிய நிலை ஏற்பட்டது. மோனசைட் மணல் அங்கேயே கிடக்கிறது. அலையும் அப்படியே வீசுகிறது. ஆனால் பள்ளி பெருகிற்று, தடுப்பூசி பரவிற்று, தூய குடிநீரும் புழுநீக்கும் மருந்தும் கிடைத்தன, வளைகுடா நாடுகளுக்குச் சென்றோர் அனுப்பிய பொருளால் உணவு செழித்தது. இவற்றுள் எது நோயை விரட்டிற்று என்று பிரித்துரைத்தல் அரிது. மணல் மாறாதிருக்க நோய் மட்டும் தேய்ந்தது என்பதைக் காணுங்கால், மண்ணைவிட வறுமைக்கே அதில் பெரும்பங்கு இருந்திருக்க வேண்டும் என்று எண்ணத் தோன்றுகிறது. வறுமை நீங்காத இடத்தில் நோயும் நீங்கவில்லை. மொசாம்பிக்கின் கிராமப் பகுதி ஒன்றில் 1,063 பேரைச் சோதித்து 2008ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், ஐவரில் ஒருவரிடம் நார்த்தடிப்பின் அடையாளம் காணப்பட்டது.

பழைய நோய் போயிற்று. இனி அச்சமில்லை என்று நாம் இருந்துவிடலாமா? அதுதான் இல்லை. விரிய மறுக்கும் இருதயம் இன்று வேறு வேடம் புனைந்து வந்திருக்கிறது. 2013ஆம் ஆண்டில் திருவனந்தபுரம் மாவட்டத்து மருத்துவமனைகளில் இருதயத் தளர்ச்சியால் சேர்க்கப்பட்ட 1,205 பேரை, ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தார் ஒரு பதிவேட்டில் குறித்துத் தொடர்ந்து கவனித்தனர். அவர்களின் சராசரி வயது 61. அவர்களுள் 26 விழுக்காட்டினருக்கு இருதயத்தின் வெளியேற்றும் விழுக்காடு குன்றாமலே இருந்தது. ஆயினும் தளர்ச்சி நேர்ந்தது. பதிவேட்டில் இடம்பெற்றோருள் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்தாண்டுகளுக்குள் உயிர் நீத்தனர் என்னும் செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்கிறது.

பழைய நோயில் உட்புறத் தழும்பு இருதயத்தை விறைக்கச் செய்தது. புதிய நிலையில் அவ்வேலையைச் செய்வன, ஆண்டுக்கணக்காக அடங்காத இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடற்பருமன், சிறுநீரகக் கேடு, முதுமை ஆகியவை. மிகுந்த அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இருதயச் சுவர் தடிக்கிறது; தடித்த சுவர் எளிதில் தளர்வதில்லை. முதிய பெண்டிரிடையே இது மிகுதி. அமர்ந்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. மாடிப்படி ஏறும்போது துடிப்பு விரைகிறது, நிரம்பும் காலம் குறுகுகிறது, மூச்சு முட்டுகிறது. ஏழையின் பட்டினியிலிருந்து வந்த விறைப்பு போய், வசதியின் மிகையிலிருந்து வரும் விறைப்பு வந்திருக்கிறது எனலாம்.

இதற்கு மருந்து நெடுங்காலம் அகப்படவில்லை. 2021ஆம் ஆண்டில் சுமார் 6,000 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், முதலில் சர்க்கரை நோய்க்கென ஆக்கப்பட்ட எம்பாகிளிஃப்ளோசின் என்னும் மருந்து, இத்தகையோர் மீண்டும் மருத்துவமனைக்கு வர நேர்வதைக் குறைக்கிறது என்று தெரிந்தது. நம்பிக்கைக்கு அது ஒரு வாயில், முழு விடையன்று. வருமுன் காத்தலே இன்றும் தலையாய மருந்து.

தாயகம் விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இவ்வரலாறு சிறப்பாக உரியது. ஊரிலே முதிய பெற்றோர் இருக்கின்றனர். அவர்கள் உடல்நிலையைத் தொலைபேசியில்தான் கேட்டறிகிறோம். “பம்பிங் நன்றாக இருக்கிறதாம்” என்று அவர்கள் சொன்னதும் நாம் கவலை நீங்கிவிடுகிறோம். அச்சொல் நல்ல செய்திதான்; முழுச் செய்தி அன்று என்பதை இனி நாம் அறிவோம். இரவில் இரண்டு தலையணை வைத்தால்தான் உறங்க முடிகிறதா, நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து அமர்கின்றனரா, மாலையில் கணுக்கால் வீங்குகிறதா என்றும் கேட்க வேண்டும். ஆம் என்று விடை வந்தால், இருதயம் நன்கு தளர்கிறதா என்பதையும் மருத்துவரிடம் கேட்டறியச் சொல்ல வேண்டும். ஒலியலை கொண்டு இருதயத்தைப் பார்க்கும் எக்கோ சோதனையிலேயே அதற்கு விடை தேடலாம்.

நம்மையும் நாம் மறத்தலாகாது. ஊரிலிருந்து வரும் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நாவுக்கு ஊரை நினைவூட்டுகின்றன. அவற்றோடு உப்பும் வருகிறது. அளவோடு உண்பதும், இரத்த அழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்ப்பதும், நாள்தோறும் சிறிது நடப்பதும் பெரிய தவங்கள் அல்ல.

கடற்கரைக் குடிசைகளில் வயிறு பெருத்து வாடிய இளைஞர்களுக்கு அக்காலத்து அறிவு முழுவதும் உதவ முடியவில்லை. ஆயினும் அவர்களின் இருதயங்களை ஆராய்ந்தே மருத்துவம் ஓர் உண்மையைத் தெளிந்தது: கொடுப்பதற்கு முன் ஏற்கத் தெரிய வேண்டும். அவ்வுண்மையை நம் வீட்டு முதியோர் பொருட்டுப் பயன்படுத்துவதே, அவர்களுக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.